களத்துக்கு வரும் முன்பே விடைபெற்ற மூவர்: 2010 அமெரிக்க செனட் தேர்தல், ஒரு நிகழ்வு ஆய்வு

2010 ஜனவரி 5, செவ்வாய்க்கிழமை. வடக்கு டகோட்டா மாநிலத்தின் செனட்டர் (அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவை உறுப்பினர்) பைரன் டோர்கன், நவம்பர் தேர்தலில் தான் நிற்கப் போவதில்லை என்று அறிவித்தார். அந்தச் செய்தி ஆறுவதற்குள், மறுநாளே கனெக்டிகட் செனட்டர் கிறிஸ் டாட், ஈஸ்ட் ஹாடம் ஊரில் தன் வீட்டுக்கு வெளியே நின்று அதையே சொன்னார். 40 நாள் கழித்து, பிப்ரவரி 15 அன்று, இந்தியானா செனட்டர் இவான் பை.

மூவரும் ஜனநாயகக் கட்சி. மூவரும் அதற்கு முன் வாக்காளர்களைச் சந்தித்தது 2004இல். அந்த ஆண்டு டோர்கன் 68 சதவீதம், டாட் 66 சதவீதம், இவான் பை 62 சதவீதம் வாக்கு வாங்கியவர்கள். செனட்டின் பதவிக்காலம் ஆறு ஆண்டு. அந்த ஆறு ஆண்டு முடிவதற்குள் மூவரும் களத்துக்கே வராமல் விலகினார்கள்.

"தோல்வி பயம்" என்று ஒரே சொல்லில் இதை முடித்துவிடலாம். அன்றைய செய்திகளில் பலரும் அப்படித்தான் முடித்தார்கள். ஆனால் மூன்று விலகல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் காரணமும் ஒன்றாக இல்லை, விளைவும் ஒன்றாக இல்லை. ஒருவரின் விலகல் அவர் கட்சிக்கு அந்த இடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தது. மற்ற இருவரின் இடமும் கைமாறிப் போனது. ஏன் என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அன்றைய காற்று

2008இல் ஒபாமா வென்றபோது ஜனநாயகக் கட்சி உச்சத்தில் இருந்தது. 2009 நடுவில் செனட்டில் அவர்கள் பக்கம் 60 பேர். ஆனால் 2009 அக்டோபரில் வேலையின்மை 10 சதவீதத்தைத் தொட்டது. வங்கிகளுக்கு அரசு கொடுத்த மீட்புப் பணம் மக்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டது. மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் முடிவில்லாமல் இழுத்துக்கொண்டே போனது. அதிபர் பதவிக்காலத்தின் நடுவில் வரும் இடைக்காலத் தேர்தலில் அவருடைய கட்சி இடங்களை இழப்பது அமெரிக்காவில் வழக்கம்தான் என்றாலும், இந்த முறை அடி பலமாக இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 2010 ஜனவரி 19 அன்று மாசசூசெட்ஸில், மறைந்த ஜனநாயகக் கட்சி செனட்டர் டெட் கென்னடியின் இடத்தையே குடியரசுக் கட்சியின் ஸ்காட் பிரவுன் பிடித்தார். டாட்டும் டோர்கனும் விலகியது அதற்கு முன்பு. இவான் பை விலகியது அதற்குப் பின்பு.

டாட்: ஓராண்டில் கரைந்த நற்பெயர்

டாட்டின் கதையைத்தான் அதிகம் பார்க்க வேண்டும். மூவரில் மிக மூத்த செனட்டர் அவர். 1974இல் கீழவையான பிரதிநிதிகள் சபைக்கு வந்தார், 1980இல் செனட்டுக்கு. கனெக்டிகட் வரலாற்றில் ஐந்து முறை செனட்டரானவர் அவருக்கு முன் எவருமில்லை. 2007இல் செனட் வங்கிக் குழுவின் தலைவரானார்.

அதே ஆண்டு அதிபர் வேட்பாளராகும் ஆசையில் இறங்கினார். முதல் வாக்கெடுப்பு நடக்கும் ஐயோவா மாநிலத்துக்குக் குடும்பத்தோடு குடிபெயர்ந்து, மகளை அங்கேயே பள்ளியில் சேர்த்தார். 2008 ஜனவரி 3 அன்று வந்த முடிவு அவருக்கு ஏறக்குறைய பூஜ்யம். அன்றிரவே விலகினார். ஐயோவாவில் அவருக்கு வாக்கு கிடைக்கவில்லை என்பதோடு அது முடியவில்லை. "நம் செனட்டர் நம்மை விட்டுவிட்டு வேறு ஊருக்குக் குடிபோனார்" என்ற மனத்தாங்கல் சொந்த மாநிலத்தில் தங்கிவிட்டது.

அதன் பிறகு அடிமேல் அடி. வீட்டுக்கடன் நெருக்கடியின் அடையாளமாகிப் போன கன்ட்ரிவைடு நிறுவனம், முக்கியப் புள்ளிகளுக்கென வைத்திருந்த தனித்திட்டத்தில் டாட்டுக்கும் கடன் கொடுத்திருந்தது 2008இல் வெளியே வந்தது. வங்கிகளைக் கண்காணிக்கும் குழுவின் தலைவருக்கே இப்படி! 2009 ஆகஸ்டில் செனட் நெறிமுறைக் குழு, விதிமீறலுக்கு நம்பத்தகுந்த ஆதாரமில்லை என்று முடித்தது. கூடவே, இன்னும் விழிப்பாக இருந்திருக்க வேண்டும் என்றும் சொன்னது. மக்கள் மனதில் பின்பகுதிதான் நின்றது.

ஆனால் அவரை உண்மையில் சாய்த்தது 2009 மார்ச் மாதத்தின் இரண்டு நாட்கள் என்பது என் கணிப்பு. 17,000 கோடி டாலருக்கு மேல் அரசு உதவி பெற்றிருந்த ஏஐஜி காப்பீட்டு நிறுவனம், தன் ஊழியர்களுக்கு 16.5 கோடி டாலர் போனஸ் கொடுப்பது தெரிந்து நாடே கொதித்தது. அப்படிப்பட்ட போனஸைக் கட்டுப்படுத்தும் திருத்தத்தைச் சட்டத்தில் சேர்த்தவரே டாட்தான். ஆனால் 2009 பிப்ரவரி 11க்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு விலக்கு என்ற ஒரு வரி அதில் நுழைந்திருந்தது. மார்ச் 17 அன்று தொலைக்காட்சியில், அந்த வரிக்குத் தான் காரணமில்லை என்றார். மார்ச் 18 அன்று அதே தொலைக்காட்சியில், அரசு அதிகாரிகள் கேட்டதால் தன் அலுவலகம்தான் மாற்றியது என்று ஒப்புக்கொண்டார். அந்த வரியைக் கேட்டது ஒபாமாவின் நிர்வாகம். பழி சுமந்தது டாட். என்றாலும் ஒரு நாள் இடைவெளியில் பேச்சு மாறியதை வாக்காளர்கள் கண்ணெதிரே பார்த்துவிட்டார்கள். அடுத்த மாதத் தொடக்கத்தில் வந்த குவினிபியாக் பல்கலைக்கழகக் கருத்துக்கணிப்பில், குடியரசுக் கட்சியின் முன்னாள் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் ராப் சிம்மன்ஸ் 50க்கு 34 என்று அவரை முந்தியிருந்தார்.

சொந்த வாழ்க்கையிலும் அந்த ஆண்டு கொடியது. ஜூலையில் அக்கா இறந்தார். அதே மாத இறுதியில், தனக்கு ஆண்சுரப்பிப் (புராஸ்டேட்) புற்றுநோய் என்று அறிவித்தார். ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை. அந்த மாதமே நெருங்கிய நண்பர் கென்னடியின் மரணம். கென்னடி படுத்திருந்த மாதங்களில் அவருடைய குழுவின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவை இரவு பகலாக நடத்திக்கொடுத்ததும் டாட்தான்.

2010 ஜனவரி 6 அன்று அவர் பேசியதில் ஒரு நேர்மை இருந்தது. இந்த நிகழ்வுகளில் எதுவும் தனியாகவோ சேர்ந்தோ தன் முடிவுக்குக் காரணமில்லை என்றார். ஆனால் எல்லாம் சேர்ந்து, நான் ஏன் போட்டியிடுகிறேன் என்று தன்னையே கேட்க வைத்தன என்றார். மாநிலத்தில் தன் செல்வாக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பது நன்றாகவே தெரியும் என்றும் சொன்னார். "குடும்பத்தோடு நேரம் செலவிட" என்ற தேய்ந்த வாசகத்தோடு நிறுத்திக்கொள்ளும் விலகல் உரைகளுக்கு நடுவில் இப்படி ஒன்று அபூர்வம்.

அன்றே கனெக்டிகட்டின் அட்டர்னி ஜெனரல் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரி) ரிச்சர்டு புளூமெந்தால் ஜனநாயகக் கட்சி சார்பில் களத்தில் இறங்கினார். 1991 முதல் அந்தப் பதவியில் இருந்தவர், மாநிலம் முழுக்க அறிந்த முகம். குடியரசுக் கட்சி சார்பில் நின்ற லிண்டா மெக்மஹன் சொந்தப் பணத்தில் ஏறக்குறைய 5 கோடி டாலரைக் கொட்டினார். தன் ராணுவ சேவை பற்றிப் புளூமெந்தால் முன்பு தவறாகப் பேசியிருந்தது மே மாதத்தில் வெளிவந்து பெரும் சர்ச்சையும் ஆனது. அப்படியும் நவம்பரில் 55க்கு 43 என்று அவர் வென்றார். டாட் நின்றிருந்தால் இந்த இடம் போயிருக்கும் என்பதில் எனக்கு அதிகம் சந்தேகமில்லை.

டாட்டுக்குக் கிடைத்த லாபம் ஓராண்டு. வங்கிக் குழுவின் தலைவர் அதே ஆண்டில் வேட்பாளராகவும் இருந்திருந்தால், நிதி நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் மசோதாவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, அதே துறைக்காரர்களிடம் தேர்தல் நிதிக்காக மறுகையை நீட்ட வேண்டியிருந்திருக்கும். அந்தச் சிக்கல் இல்லாமல் போனது. மே 20 அன்று செனட்டில் 59க்கு 39 என்று மசோதா நிறைவேறியது. ஜூலை 21 அன்று ஒபாமா கையெழுத்திட்டார். இன்று டாட்-ஃபிராங்க் என்று அவர் பெயரைச் சுமக்கும் சட்டம் அது. போகப் போகிறவர் பேச்சு அம்பலம் ஏறாது என்பார்கள். இங்கே போகப் போகிறவர்தான் அந்த ஆண்டின் மிகக் கடினமான மசோதாக்களில் ஒன்றை முடித்துக்காட்டினார்.

டோர்கன்: மாற்று ஆள் இல்லாத மாநிலம்

டோர்கன் மீது டாட் போல எந்தக் களங்கமும் இல்லை. 26 வயதில் மாநில வரி ஆணையரானவர். பிறகு பிரதிநிதிகள் சபை, 1992 முதல் செனட். அவருக்கு முன்னால் நின்றது ஒரே ஒரு ஆள்: குடியரசுக் கட்சியின் ஆளுநர் ஜான் ஹூவன். ஹூவன் அப்போது இன்னும் வேட்பாளராகவே அறிவிக்கவில்லை. ஆனால் டிசம்பரில் வந்த ஒரு கருத்துக்கணிப்பில் அவர் நின்றால் 20 புள்ளிகளுக்கு மேல் முந்துவார் என்று வந்தது.

புத்தகம் எழுத வேண்டும், கற்பிக்க வேண்டும், எரிசக்தித் துறையில் பணியாற்ற வேண்டும் என்று டோர்கன் காரணம் சொன்னார். அவை பொய் என்று நான் நினைக்கவில்லை. 67 வயதில் ஒருவருக்கு இவையெல்லாம் நியாயமான ஆசைகளே. ஆனால் இதே ஆசைகள், எதிரில் ஹூவன் இல்லாத ஒரு ஆண்டில், இன்னொரு ஆறு ஆண்டு காத்திருக்கவும் கூடும்.

ஹூவன் ஒரு வாரத்துக்குள் களமிறங்கினார். நவம்பரில் அவர் வாங்கியது 76 சதவீதம். டோர்கனின் இடத்தில் ஜனநாயகக் கட்சி நிறுத்திய வேட்பாளருக்கு 22. டாட்டும் டோர்கனும் ஒரு நாள் இடைவெளியில்தான் விலகினார்கள். இரண்டு கட்சிக் கிளைகளுக்கும் ஒரே அளவு நேரம் இருந்தது. கனெக்டிகட்டில் புளூமெந்தால் தயாராக நின்றார். வடக்கு டகோட்டாவில் அப்படி யாரும் இல்லை.

இவான் பை: 4,500 கையெழுத்து

மூன்றாவது கதைதான் என்னை உறுத்துகிறது. இவான் பை கருத்துக்கணிப்புகளில் பின்தங்கியிருக்கவில்லை; எதிராளியை முந்திக்கொண்டுதான் இருந்தார். கையிருப்பில் ஏறக்குறைய 1.3 கோடி டாலர் தேர்தல் நிதி. முன்னாள் ஆளுநர், 54 வயது. இந்தப் பட்டியலில் ஜெயித்திருக்கக் கூடியவர் என்றால் அவர்தான்.

செனட் இனி வேலைக்காகாது என்பது அவர் சொன்ன காரணம். இரண்டு எடுத்துக்காட்டுகளை முன்வைத்தார். நாட்டின் கடனைக் குறைக்க இரு கட்சிக் குழு ஒன்றை அமைக்கும் திட்டம் ஜனவரி 26 அன்று 53க்கு 46 என்று விழுந்தது, தேவைப்பட்டது 60. அதை முன்மொழிந்து கையெழுத்திட்ட ஏழு குடியரசுக் கட்சியினரே எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்து, வேலைவாய்ப்புக்கான இரு கட்சி மசோதா சிதறியது. மக்களுக்குத் தொண்டு செய்யப் பிடிக்கும், காங்கிரஸை (அமெரிக்க நாடாளுமன்றத்தை) பிடிக்கவில்லை என்பதுதான் அவர் பேச்சின் சாரம். இந்த வருத்தம் உண்மையானது என்றே நம்புகிறேன்.

ஆனால் தேதியைப் பாருங்கள். இந்தியானாவில் செனட் உட்கட்சித் தேர்தலில், அதாவது கட்சியின் வேட்பாளரை வாக்காளர்களே தேர்ந்தெடுக்கும் தேர்தலில், நிற்க ஒன்பது தொகுதிகளிலும் தலா 500, மொத்தம் 4,500 வாக்காளர் கையெழுத்து வேண்டும். அவற்றைச் சரிபார்ப்புக்குக் கொடுக்கக் கடைசி நேரம் பிப்ரவரி 16 நண்பகல். இவான் பை விலகியது பிப்ரவரி 15. ஒரு பகல், ஓர் இரவு, அடுத்த நாள் காலை. அந்த நேரத்துக்குள் மாநிலம் முழுக்க ஓடிக் கையெழுத்து சேர்க்க எவராலும் முடியாது. ஏற்கெனவே தன் கைக்காசில் கையெழுத்து சேகரித்துக்கொண்டிருந்த சிற்றுண்டிக்கடை உரிமையாளர் ஒருவருக்கும் எண்ணிக்கை எட்டவில்லை. உட்கட்சித் தேர்தல் ஆளில்லாமல் முடிந்தது. மே மாதத்தில் மாநிலக் குழு கூடி பிராட் எல்ஸ்வொர்த்தை வேட்பாளராக்கியது. வாக்காளர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியவரை அறைக்குள் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தார்கள். பிப்ரவரி தொடக்கம் முதலே களத்தில் இருந்த குடியரசுக் கட்சியின் டான் கோட்ஸ் அவரை 55க்கு 40 என்று வீழ்த்தினார்.

கட்சித் தலைமை தனக்கு ஏற்ற ஆளை நிறுத்த வசதியாகவே இப்படிச் செய்தார் என்று சொல்பவர்கள் உண்டு. அதை ஏற்றாலும், வேட்பாளருக்குப் போய்ச் சேர வேண்டிய மூன்று மாதம் வீணானது வீணானதுதான்.

இந்த டான் கோட்ஸ் யார் என்பதும் கவனிக்க வேண்டியது. 1990களில் அதே இடத்தில் செனட்டராக இருந்தவர். 1998இல் மீண்டும் நிற்க வேண்டிய நிலையில், செல்வாக்கின் உச்சத்தில் பதவி முடித்து வரும் ஆளுநர் எதிரே நிற்பார் என்று தெரிந்த நேரத்தில், 1996 டிசம்பரிலேயே ஒதுங்கிக்கொண்டார். அந்த ஆளுநர் இவான் பை.

தந்தையரின் தோல்வி

இதை நிரூபிக்க முடியாது. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. டாட், இவான் பை இருவரும் செனட்டர்களின் மகன்கள். இருவரின் தந்தையரும் தோற்று வெளியேறியவர்கள்.

தாமஸ் டாட் மீது, தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்கு எடுத்தார் என்று 1967இல் செனட் 92க்கு 5 என்று கண்டனத் தீர்மானம் போட்டது. 1970இல் கட்சி கைவிட, சுயேச்சையாக நின்று மூன்றாம் இடம் வந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் இறந்துபோனார். மகனுக்கு அப்போது 27 வயதுகூட நிறையவில்லை. பர்ச் பை மூன்று முறை செனட்டர். 1980இல் டான் குவேல் என்ற இளைஞரிடம் தோற்றார். மகனுக்கு வயது 24.

பணத்தைப் பற்றிய குற்றச்சாட்டு, கைவிட்ட கட்சி, தோல்வி, மரணம். இதைப் பக்கத்தில் இருந்து பார்த்த ஒருவர், 2009இல் கடன் சர்ச்சையில் தன் பெயரும் அடிபடும்போது எதை நினைத்திருப்பார்? கருத்துக்கணிப்பின் 16 புள்ளிகள் எல்லோருக்கும் ஒரே எண்தான். டாட்டுக்கு அந்த எண்ணில் அப்பாவின் முகமும் தெரிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

நின்று பார்த்தவர்கள்

விலகாதவர்களையும் பார்த்தால்தான் கணக்கு முழுமையாகும். டாட்டோடு அதே 1980 தேர்தலில் செனட்டுக்கு வந்தவர் பென்சில்வேனியாவின் ஆர்லன் ஸ்பெக்டர். சொந்தக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் தேறமாட்டோம் என்று தெரிந்து, 2009 ஏப்ரலில் குடியரசுக் கட்சியிலிருந்து ஜனநாயகக் கட்சிக்குத் தாவினார். புதிய கட்சியின் உட்கட்சித் தேர்தலிலும் தோற்றார். அர்கன்சாவின் ஜனநாயகக் கட்சி செனட்டர் பிளாஞ்ச் லிங்கன் நின்றார். கிடைத்தது 37 சதவீதம். அதே கட்சியின் விஸ்கான்சின் செனட்டர் ரஸ் ஃபைன்கோல்டும் தோற்றார். பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சி 63 இடங்களை இழந்தது. 1975 முதல் உறுப்பினராக இருந்த ஜிம் ஓபர்ஸ்டார், 34 ஆண்டு இருந்த ஐக் ஸ்கெல்டன் போன்ற குழுத் தலைவர்களே வீழ்ந்தார்கள். 1969 முதல் இருந்த டேவிட் ஓபி மட்டும், களைத்துப் போனேன் என்று மே மாதத்திலேயே விலகியிருந்தார்.

ஆனால் ஹாரி ரீட் இருக்கிறாரே! நெவாடாவில் அவர் நிலை டாட்டின் நிலையைவிட நன்றாக இருந்ததாகச் சொல்ல முடியாது. செனட்டில் ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மைத் தலைவர் என்பதால் எல்லாக் கோபமும் அவர் தலையில். 1998இல் 428 வாக்கு வித்தியாசத்தில் தப்பியவருக்கு இழுபறி புதிதல்ல. நின்றார். ஜூன் மாதத்தில் குடியரசுக் கட்சியினர் ஷாரன் ஏங்கிளைத் தங்கள் வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள், பந்தயமே மாறியது. 50க்கு 45 என்று ரீட் வென்றார். ஜனவரிக் கருத்துக்கணிப்பை விதியாக எடுத்துக்கொண்டிருந்தால் அவரும் வீட்டுக்குப் போயிருக்க வேண்டும்.

ஒரு புள்ளிவிவரத்தையும் இங்கே எச்சரிக்கையோடு அணுக வேண்டும். அமெரிக்காவில் பதவியில் இருப்பவர்கள் பெரும்பாலும் மீண்டும் ஜெயிக்கிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படுவது. உண்மைதான். ஆனால் அந்தக் கணக்கில் நின்றவர்கள் மட்டுமே வருகிறார்கள். தோற்பேன் என்று உணர்ந்து முன்கூட்டியே விலகியவர் அதில் தோற்றவராக எண்ணப்படுவதில்லை. டோர்கனின் இடம் 54 புள்ளி வித்தியாசத்தில் போனது. ஆனால் "தோற்ற செனட்டர்கள்" பட்டியலில் அவர் பெயர் இல்லை. வாக்காளர்களின் கோபம் எவ்வளவு பேரை வெளியேற்றியது என்பதை அளக்க, தோல்விகளோடு இந்த விலகல்களையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

விலகுபவர் விட்டுச்செல்லும் நேரம்

ஏன் விலகினார் என்ற கேள்வியைவிட, எப்போது விலகினார், யாருக்கு வழிவிட்டார் என்ற கேள்விகள் அதிகம் விளக்குகின்றன. முதல் கேள்விக்கான பதில் அவர் மனதுக்குள் இருக்கிறது. நாம் ஊகிக்கத்தான் முடியும். மற்ற இரண்டுக்கும் நாட்காட்டியிலும் வாக்கு எண்ணிக்கையிலும் பதில் இருக்கிறது.

வடக்கு டகோட்டாவின் இன்னொரு ஜனநாயகக் கட்சி செனட்டர் கென்ட் கான்ராட், டோர்கனின் இடம் பறிபோனதைப் பார்த்தவர். 2012இல் தான் நிற்கப் போவதில்லை என்று 2011 ஜனவரியிலேயே, ஏறக்குறைய 22 மாதம் முன்பே சொல்லிவிட்டார். அவர் இடத்துக்கு நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் ஹெய்டி ஹைட்காம்புக்கு மாநிலத்தைச் சுற்றிவர நேரம் கிடைத்தது. அந்த நவம்பரில் அதே மாநிலத்தில் அதிபர் தேர்தலில் குடியரசுக் கட்சியின் ராம்னி எளிதாக வென்றார். செனட் இடத்தை மட்டும் ஹைட்காம்ப் 3,000க்கும் குறைந்த வாக்கில் பிடித்தார். எதிரே ஹூவன் போன்ற ஆள் இல்லாததும் ஒரு காரணம் என்பதை மறைக்க முடியாது. ஆனால் பத்து மாதத்தில் அவர் அதைச் செய்திருப்பார் என்று நான் நம்பவில்லை.

2015 மார்ச் 24 அன்று, இந்தியானாவின் டான் கோட்ஸ் 2016இல் நிற்கமாட்டேன் என்றார். மூன்று நாள் கழித்து, மார்ச் 27 அன்று, நெவாடாவின் ஹாரி ரீடும் அதையே சொன்னார். இருவரும் தங்கள் கட்சிக்குக் கொடுத்தது 19 மாதத்துக்கு மேல். நெவாடாவில் ரீட் கைகாட்டிய கேத்தரின் கோர்ட்டெஸ் மாஸ்டோ இடத்தைக் காப்பாற்றினார். இந்தியானாவில் குடியரசுக் கட்சியினர் முறையாக உட்கட்சித் தேர்தல் நடத்தி டாட் யங் (Todd Young) என்பவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2016 ஜூலையில், வேட்பாளராகத் தேர்வாகியிருந்த ஜனநாயகக் கட்சிக்காரர் ஒதுங்கி வழிவிட, யங்குக்கு எதிராக வந்து நின்றவர் இவான் பை. 2010இல் செலவழிக்காமல் வைத்திருந்த நிதியில் ஏறக்குறைய ஒரு கோடி டாலர் அப்போதும் கணக்கில் இருந்தது. தேர்தலுக்கு நான்கு மாதம் மிச்சம். தொடக்கத்தில் நன்றாகவே முந்தியிருந்தார். நவம்பர் 8 அன்று வந்த முடிவு: யங் 52, இவான் பை 42.